2217 பிடித்திருக்கும் கோப்பு

சம்மாந்துறை மில்லில்
தராசுக் கம்ப்யூட்டர் பில் அடிக்க மாட்டேன் என்று நின்றுவிட்டது.
காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினேன்.

பெரும்போக வெட்டு.
அம்பாறை ரோட்டில் பதினேழு லொறி,
அதற்குப் பின்னால் உழவு மெஷின் பெட்டிகள்,
ஈர நெல்லிலிருந்து எழும்புகிற சூடு.
மழை வரும்போல என்று
எல்லாரும் என்னைப் பார்த்தே சொல்கிறார்கள்,
மழையை நான் ஸ்கூட்டியில் ஏற்றி வந்தது மாதிரி.

டிஸ்க் நூறு வீதம் நிரம்பியிருந்தது.
“பழசுகள அழிச்சு விடுங்க புள்ள” என்றார் முதலாளி.
போன போகத்துக் கோப்பு ஒன்று, முப்பத்தெட்டு ஜீபி.
தராசு நொடிக்கு நொடி சொன்னதையெல்லாம்
எழுதி வைத்துக்கொண்டு குந்தியிருந்தது.
அழித்தேன்.
பெயர் போயிற்று,
இடம் வரவில்லை.
திரும்பப் பார்த்தேன். அதே நூறு வீதம்.

தெரிந்த வருத்தம்தான் இது.
லினக்ஸில் அழிப்பதென்றால்
வாசல் பலகையைக் கழற்றுவது, அவ்வளவுதான்.
உள்ளே ஒருவர் அதைக் கையில் பிடித்திருக்கும்வரை
ஒரு பைட்டும் அசையாது.

வாய்க்காலில் தண்ணி வராவிட்டால்
வட்டவிதானை மோட்டர் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு
எவன் வரம்பை வெட்டினான் என்று
வட்டை நெடுகப் பார்த்துக்கொண்டு போவார்.
எனக்கு நாலு எழுத்து:
எல், எஸ், ஓ, எஃப்.
திறந்து கிடக்கிற ஒவ்வொன்றையும்
திறந்தவன் பெயரோடு கொண்டுவந்து கொட்டும்.

கொட்டியது. பிரிண்டர், கடிகாரம், கெமரா,
எதற்கென்றே தெரியாத நூற்றுச் சொச்சம்.
அதற்குள் ஒரு வரி.
2217. டெயில். பாவனையாளர் சிப்லி.
கோப்பின் பெயருக்குப் பக்கத்தில்: அழிக்கப்பட்டது.

சிப்லி தோஹாவுக்குப் போய்ப் பதினொரு மாசம்.
எழுதுவதே நின்றுபோன கோப்பின் வாலைப் பிடித்தபடி
அடுத்த வரி வரும் வரும் என்று
கரண்ட் போன இரவுகளில் ஜெனரேட்டர் உறுமலிலும்
2217 முழித்திருந்திருக்கிறது.

கோல் எடுத்தேன். அந்தப் பக்கம் கிரேன் சத்தம்.
“அது இன்னுமா ஓடுது?” சிரித்தான்.
பிறகு, மெதுவாக,
“தராசு சொன்ன நிறையும் பில்லில விழுந்த நிறையும்
ஒண்டா எண்டு பாத்துட்டிருந்தன்.”
“ஒண்டா?”
“கோப்புக்குள்ள கிடக்கு. நீங்கதான் அழிச்சிட்டீங்களே.”

பெயர் இல்லாத கோப்புக்கும் ஒரு பின்வாசல் உண்டு.
ப்ரொக், 2217, மூன்றாம் இலக்கக் கைப்பிடி.
2217 உயிரோடு இருக்கும்வரை.

பையில் கிடந்த பென் டிரைவில்
தங்கச்சியின் கல்யாண வீடியோ.
அழித்தேன். அதை யாருமே பிடித்திருக்கவில்லை,
உடனே இடம் வந்தது.

இருபத்தாறு நிமிடம் என்றது திரை.
“என்ன புள்ள, சுணங்குது?”
“ஆரோ பிடிச்சிட்டு இருக்காங்க.”
“ஆரு?”
ஹோர்ன் அடித்தார்கள்.
அந்தச் சத்தத்தில் பதில் சொல்லாமல் இருப்பது லேசு.
முன் லொறியில் மீராலெவ்வை காக்கா
படங்கை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்,
ஒரு மூலை மூடினால் மறுமூலை திறந்தது.
எண்பத்தொன்பது வீதம். தூறல்.
தொண்ணூற்றாறு.
முதலாளி என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று
விளங்காத திரையை விளங்கினவர்போல் பார்த்தார்.

முடிந்தது.
2217ஐ நிறுத்தினேன்.
நிறுத்துவதற்கு ஒரு சொல்லும் ஓர் எண்ணும்,
இரண்டையும் அடிக்க ஏன் அவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

முப்பத்தெட்டு ஜீபி காலி.
பிரிண்டர் முனகி, முதல் பில்லை நீட்டியது.
காக்கா மழைக்குள் பிடித்து வாசித்தார்,
மொத்த நிறை, ஈரக் கழிவு, மிச்சம்.
கடதாசியில் துளி விழுந்து ஓர் எண் கலங்கியது.
மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவள் என்பதால்
என்னைத்தான் கேட்டார்:
“நிறை சரிதானே மகள்?”

பைக்குள் பென் டிரைவ் இன்னும் சூடாக இருந்தது.
கையை வெளியே எடுக்கவில்லை.